குழுவுக்கெனத் தனிப் பொதிக் களஞ்சியம்: அமைப்பும் பராமரிப்பும்

2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்னும் 11 வரி நிரலை அதன் ஆசிரியர் என்பிஎம் என்னும், ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளுக்கான (பிறர் தம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அந்தப் பெயரையே கேள்விப்பட்டிராத பல குழுக்களின் பில்டுகளும் (நிரலை இயங்கும் மென்பொருளாகத் தொகுக்கும் பணிகள்) நின்றுபோயின. நேற்றுக் கிடைத்த பொதி இன்றும் அதே வடிவில் கிடைக்க வேண்டும் என்பதே தனிக் களஞ்சியம் வைத்துக்கொள்வதற்கான முதற்காரணம்.

ஒரே மொழியில் வேலை செய்யும் சிறிய குழுவுக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்றால் வெர்டாச்சியோ, பைத்தான் என்றால் டெவ்பை என்னும் களஞ்சிய மென்பொருள் போதும். பல மொழிகள் புழங்கும் இடத்தில் நெக்சஸ், ஆர்ட்டிஃபாக்டரி போன்றவை பொருந்தும். இங்கே நெக்சஸை முன்வைத்து விளக்குகிறேன்.

மென்பொருளைக் கன்டெய்னர் என்னும் தனித்த சூழலில் இயக்கும் டாக்கர் வழியாக நிறுவுவது எளிது. தரவுக் கோப்பகத்தை மட்டும் கன்டெய்னருக்கு வெளியே, தனி வால்யூமில் (கன்டெய்னரை நீக்கினாலும் அழியாத சேமிப்பிடம்) வைத்துவிடுங்கள். நெக்சஸ் இயல்பாக 8081 போர்ட்டில் இயங்கும். அதன் முன்னால் என்ஜின்எக்ஸ் என்னும் வலைச் சர்வரை வைத்து எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே அணுகச் செய்வது நல்லது.

பிறகு ஒவ்வொரு மொழிக்கும் மூன்று களஞ்சியங்களை உருவாக்க வேண்டும். முதலாவது, உங்கள் குழுவே எழுதிய பொதிகளுக்கான ஹோஸ்டட் களஞ்சியம். இரண்டாவது, பொதுக் களஞ்சியத்திலிருந்து கேட்கப்படும் பொதிகளை எடுத்துவந்து தன்னிடம் ஒரு நகலைச் சேமித்துக்கொள்ளும் பிராக்சி. மூன்றாவது, இவ்விரண்டையும் ஒரே முகவரியில் வழங்கும் குரூப். நிரலாளர்களின் கணினிகளில் இந்தக் குரூப் முகவரி மட்டுமே இருக்க வேண்டும்.

பலர் தவறவிடும் இடம் இதற்கு அடுத்தது. உங்கள் உள்பொதியின் பெயரிலேயே வெளியார் ஒருவர் பொதுக் களஞ்சியத்தில் மிக உயர்ந்த பதிப்பெண்ணுடன் ஒரு பொதியை ஏற்றினால், கருவிகள் அதையே தேர்ந்தெடுக்கக்கூடும். பல பெருநிறுவனங்களுக்குள் இவ்வழியே நுழைய முடிந்ததை ஆய்வாளர் அலெக்ஸ் பிர்சன் 2021 பிப்ரவரியில் வெளிப்படுத்தினார். பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் கருவியில் கூடுதல் முகவரி தரும் 'எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ்-யுஆர்எல்' அமைப்பு, எந்த முகவரிக்கும் முன்னுரிமை தராமல் உயர்ந்த பதிப்பையே எடுப்பதால், அதைத் தவிர்த்து 'இண்டெக்ஸ்-யுஆர்எல்' ஒன்றையே பயன்படுத்துங்கள். குரூப்பும் இரண்டு மூலங்களையும் கலந்தே தருவதால் அதை மட்டும் நம்பியிருப்பது போதாது. உள்பொதிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு பெயர்முன்னொட்டு வைத்து, அந்த முன்னொட்டுள்ள கோரிக்கைகளைப் பிராக்சி வெளியே அனுப்பாதபடி ரவுட்டிங் விதி எழுதுவது, என் கருத்தில், தள்ளிப்போடவே கூடாத வேலை.

வெளியிட்ட பதிப்பை எவரும் மேலெழுத முடியாதபடி ஹோஸ்டட் களஞ்சியத்தில் மறுவெளியீட்டை முடக்குங்கள். 1.4.2 என்று இன்று பதிவிறக்குபவருக்கும் அடுத்த ஆண்டு பதிவிறக்குபவருக்கும் வெவ்வேறு கோப்புகள் கிடைத்தால், பதிப்பெண்ணுக்கே பொருளில்லை. பதிவேற்றும் உரிமையை, பில்டையும் சோதனைகளையும் தானாகவே ஓட்டும் சிஐ சர்வரின் கணக்குக்கு மட்டும் கொடுங்கள். மற்றவர்களுக்கு, குழுத்தலைவர் உட்பட, படிக்கும் உரிமை போதும்.

வட்டு இடம் விரைவாக நிரம்பும். பழைய சோதனைப் பதிப்புகளை நீக்கும் கொள்கையை அமைத்தாலும் நெக்சஸ் அவற்றை முதலில் நீக்கப்பட்டவையாகக் குறித்து மட்டுமே வைக்கும். பொதிக் கோப்புகள் சேமிக்கப்படும் பிளாப் ஸ்டோரைச் சுருக்கும் பணி ஓடிய பிறகே இடம் திரும்பக் கிடைக்கும் என்பதால், இரண்டையும் சேர்த்தே கால அட்டவணையில் இடுங்கள். காப்புநகல் எடுக்கும்போது தரவுத்தளமும் பிளாப் ஸ்டோரும் ஒரே வேளைக்கு உரியவையாக இருக்க வேண்டும். அந்த நகலிலிருந்து வேறொரு கணினியில் களஞ்சியத்தை மீட்டு, ஒரு திட்டத்தை முழுவதுமாக பில்டு செய்து பார்த்த பிறகே அதைக் காப்புநகலாகக் கணக்கில் கொள்ளுங்கள்.