குளியலறை வாசலில் நின்று குரல் கொடுக்காதீர்கள்

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு 12, 13 வயதாகும்போது வியர்வை, மீசை, மாதவிடாய் என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். சிங்கப்பூர் புழுக்கத்தில் ஒரு நாள் குளிக்காமல் எம்ஆர்டி ரயிலில் ஏறினால் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பதற்றத்தில் பெரியவர்கள் அளவுக்கு மீறிப் பேசவும் செய்யவும் தொடங்குகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் வருகின்றன.

“சோப்பு எடு. கழுத்து. அக்குள். சரி, இப்போ தண்ணி ஊத்து.” அம்மாவோ பணிப்பெண்ணோ தினமும் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தக் குரலும் குளியலில் ஒரு படியாகிவிடும். குரல் வராவிட்டால் பையன் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பான். சோம்பேறித்தனம் இல்லை, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கிறான். வாய்ச்சொல் உதவியைப் பிறகு விலக்குவது மிகவும் சிரமம். அதற்குப் பதில், படிகளைப் படமாக்கி, தண்ணீர் புகாதபடி லேமினேட் செய்து, கண் மட்டத்தில் சுவரில் ஒட்டுங்கள். தயங்கினால் கொஞ்சம் பொறுங்கள். அப்புறம் பேசாமல் படத்தை மட்டும் விரலால் காட்டுங்கள்.

கற்றுக்கொடுப்பதைக் கடைசிப் படியிலிருந்து தொடங்கலாம். மற்றதெல்லாம் நீங்கள் செய்து, துண்டைக் கொக்கியில் மாட்டுவதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது பழகியதும் உடம்பு துடைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலையை முடித்த திருப்தி தினமும் அவனுக்கே கிடைக்கும்.

“நல்லாத் தேய்” என்பதும் உதவாது. எவ்வளவு தேய்த்தால் நல்லது? “பத்து எண்ணும்வரை தேய்” என்றால் புரியும். ஷாம்பு ஒரு அழுத்து, அவ்வளவுதான். ஹீட்டரில் திருப்ப வேண்டிய இடத்தில் ஒரு வண்ண டேப்.

மறுப்பதையெல்லாம் அடம் என்று நினைப்பது இன்னொரு தவறு. புதினா பற்பசை சிலருக்கு நாக்கில் நெருப்பு வைத்தது போல இருக்கும். சுவையற்ற பற்பசை கிடைக்கிறது. ஸ்ப்ரேயின் சத்தமும் சில்லிப்பும் பிடிக்காவிட்டால் ரோல்-ஆன் வாங்குங்கள். தீபாவளி எண்ணெய்க் குளியலில் பாட்டி விடமாட்டார்தான். உச்சியில் சாஸ்திரத்துக்கு ஒரு சொட்டு வைத்தால் போதாதா?

மாதவிடாய் வந்த பிறகு சொல்லிக்கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். முன்பே நாப்கின் வைத்துப் பார்க்கட்டும். எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்று உள்ளாடையில் கோடு வரைந்து வையுங்கள். கழற்றியதைச் சுருட்டித் தாளில் சுற்றிக் குப்பையில் போடும்வரை ஒரே பயிற்சிதான். கதவைச் சாத்துவது, யார் உதவலாம், யார் தொடக்கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. இதைப் பேசக் கூச்சப்படும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம்.

ஈடன், ரெயின்போ சென்டர் போன்ற சிறப்புப் பள்ளிகளில் இந்த அன்றாடத் திறன்களும் பாடம்தான். ஆசிரியர் எந்தப் படங்களை, எந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறார் என்று கேட்டு வீட்டிலும் அதையே வையுங்கள். பணிப்பெண்ணுக்கும் காட்டிவிடுங்கள். சிறப்புப் பள்ளிப் படிப்பு பெரும்பாலும் 18 வயதோடு முடிந்துவிடுவதால், உதவிக்கு ஆசிரியர் இருக்கும்போதே தொடங்குவது நல்லது. ஒரே நேரத்தில் ஒரு பழக்கம் போதும். ஜூன் விடுமுறையில் பல் துலக்கலைப் பிடித்துக்கொண்டால், ஷேவிங்கை ஆண்டிறுதி விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.