தோல்ல வர்ற அபூர்வக் கட்டி: பயாப்ஸில இருந்து ஜீன் டெஸ்ட் வரைக்கும்

தோல்ல ஒரு கட்டி மெதுவா வளருது, வலியும் இல்ல, கொழுப்புக் கட்டியாத்தான் இருக்கும்னு எடுத்துட்டு லேபுக்கே அனுப்பாம விட்டுடுறது நிறைய நடக்குது. தயவுசெஞ்சு அப்படி விடாதீங்க, பார்க்க எவ்வளவு சாதுவா இருந்தாலும் பேத்தாலஜிக்கு, அதாவது மைக்ராஸ்கோப்ல பார்த்து என்ன கட்டின்னு சொல்ற லேபுக்கு, போயே ஆகணும்.

பயாப்ஸி, அதாவது டெஸ்டுக்காக கட்டில இருந்து துண்டு, எடுக்கும்போது மேலாப்புல சீவி எடுத்தா பத்தாது, அடியில இருக்கற கொழுப்பும் சேர்ந்து வரணும். டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா ப்ரொட்யூபரன்ஸ், சுருக்கமா டிஎஃப்எஸ்பி, தோல்ல மெதுவா வளர்ற ஒரு அபூர்வ கேன்சர், இந்தக் கட்டி கொழுப்புக்குள்ள தேன்கூடு மாதிரி ஊடுருவுறதுதான் பெரிய அடையாளம், மேல மட்டும் பார்த்தா ஆபத்தில்லாத டெர்மட்டோஃபைப்ரோமான்னு ரிப்போர்ட் வந்துடலாம். எடுத்த துண்டு உடனே 10 சதவீத ஃபார்மலின்ல, அதாவது திசு கெடாம வைக்கற திரவத்துல, போகணும். ஃபார்ம்ல வயசு, எந்த இடம், எத்தனை வருஷமா இருக்கு, முன்னாடி எடுத்து திரும்ப வந்துச்சா எல்லாம் எழுதச் சொல்லுங்க, வெறும் "கட்டி"ன்னு எழுதி அனுப்பினா பேத்தாலஜிஸ்ட் என்னதான் பண்ணுவாங்க?

அடுத்து ஸ்டெயின், அதாவது செல்லுல இருக்கற குறிப்பிட்ட புரதத்தை நிறம் ஏத்திக் காட்டற டெஸ்ட். டிஎஃப்எஸ்பில சிடி34ங்கற புரதத்தோட ஸ்டெயின் பொதுவா நல்லா பிடிக்கும், டெர்மட்டோஃபைப்ரோமால பெரும்பாலும் பிடிக்காது. ஆனா இத மட்டும் நம்பி முடிவு பண்ணக்கூடாது, வேற சில கட்டியிலயும் சிடி34 பிடிக்கும், டிஎஃப்எஸ்பியே வீரியமா மாறினா சிடி34 காணாமப் போறதும் உண்டு.

சந்தேகம் இருந்தா அதே ப்ளாக்ல (துண்டை மெழுகுல பதிச்சு வச்சிருக்கற கட்டி) ஃபிஷ் டெஸ்ட், அதாவது ஜீன் இடம் மாறியிருக்கான்னு ஒளிரும் சாயத்தால பார்க்கற டெஸ்ட், கேளுங்க. 17, 22 ரெண்டு குரோமோசோமும் துண்டு மாறி சிஓஎல்1ஏ1 ஜீனும் பிடிஜிஎஃப்பி ஜீனும் ஒட்டிக்கறதுதான் பெரும்பாலான டிஎஃப்எஸ்பிக்குக் காரணம், ஆபரேஷன் முடியாத கட்டிக்கு இமாட்டினிப்ங்கற கேன்சர் மாத்திரை வேலை செய்யறதும் இதனாலதான். ஃபிஷ் நெகட்டிவ்னு வந்தாலும் கதை முடியல, சிலதுல பிடிஜிஎஃப்டி ஜீன் மாறியிருக்கும், அதுக்கு ஆர்என்ஏ சீக்வென்சிங், அதாவது எந்த ஜீன் எதோட ஒட்டியிருக்குன்னு வரிசையா படிச்சுப் பார்க்கற டெஸ்ட், தேவைப்படும்.

மத்த கட்டிக்கும் இதே வழிதான், கேள்விதான் மாறும். க்ளியர் செல் சார்கோமாங்கற அபூர்வ கேன்சர் ஸ்டெயின்ல அப்படியே மெலனோமா (நிறமி செல்லுல வர்ற கேன்சர்) மாதிரி தெரியும், இடபிள்யூஎஸ்ஆர்1 ஜீன் மாறியிருக்கான்னு பார்த்தாத்தான் பிரியும். மெர்க்கல் செல் கார்சினோமாங்கற இன்னொரு அபூர்வ தோல் கேன்சர்ல சிகே20ங்கற புரதத்தோட ஸ்டெயின் புள்ளி புள்ளியா பிடிக்கும். செபேஷியஸ் கார்சினோமா (தோல் எண்ணெய்ச் சுரப்பில வர்ற கேன்சர்)ன்னு வந்தா வீட்ல யாருக்காவது பெருங்குடல் கேன்சரோ கர்ப்பப்பை கேன்சரோ இருந்துச்சான்னு டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, பரம்பரையா வர்ற மியூர் டோரே சிண்ட்ரோமா இருந்தா கூடப் பொறந்தவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் டெஸ்ட் தேவைப்படலாம்.

ரிப்போர்ட்ல குழப்பம் இருந்தா திரும்பக் குத்தி எடுக்கறதுக்கு முன்னாடி பழைய ஸ்லைடையும் பாரஃபின் ப்ளாக்கையும் லேப்ல கேட்டு வாங்கி, தோல் பேத்தாலஜி மட்டுமே பார்க்கறவங்களுக்கு அனுப்புங்க.