ரங்கூன் மழையிலும் துருப்பிடிக்காத தோசைக்கல்

கல் வாங்கும்போது முதலில் விரலால் சுண்டிப் பாருங்கள். மந்தமாக ஒலித்தால் வார்ப்பிரும்பு, கணீரென்றால் எஃகுத் தகடு. வார்ப்பில் கார்பன் 2 முதல் 4 விழுக்காடு வரை உண்டு. அதில் பெரும்பகுதி கிராபைட் செதில்களாக இரும்புக்குள் பிரிந்து கிடப்பதால், விரிசல் விழுந்தால் அந்தச் செதில்கள் வழியே ஓடும். கீழே போட்டால் வார்ப்பு உடைவது அதனால்தான். தகட்டில் கார்பன் பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அது வளையும், உடையாது.

ரங்கூனில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் கடையில் கரி அடுப்புதான். தணல் நடுவில் குவிவதால் மெல்லிய தகட்டில் தோசையின் நடுப்பகுதி கருகி ஓரம் வெளுத்துக் கிடக்கும். கனத்த வார்ப்புக் கல்லைச் சிறு தணலில் பொறுமையாகக் காயவிட்டால், மாவு ஊற்றினாலும் சூடு இறங்காது. மீன் வறுக்கத் தகட்டுச் சட்டி போதும். தோசைக்கு வார்ப்புதான் என்பது என் கட்சி.

புதுக் கல்லில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெயோ மெழுகோ பூசியிருப்பார்கள். சோப்பும் வெந்நீரும் தேங்காய் நாரும் கொண்டு அதைத் தேய்த்தெடுத்து, ஈரம் நிற்கவிடாமல் உடனே அடுப்பில் ஏற்றுங்கள். பழைய கல்லில் துரு இருந்தால் வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து அரைமணி நேரம் ஊறவைத்துத் தேய்க்கலாம். அதற்குமேல் விட்டால் துருவோடு இரும்பையும் அரிக்கும். கல்லை நாள்கணக்கில் கழுநீரில் போட்டுவைக்கச் சொல்லும் பெரியவர்கள் இங்கும் உண்டு. அழுக்கு இளகும், மறுக்கவில்லை. ஆனால் ஆடி மழையில் அப்படிப் போட்டால் செம்மண் பூசியதுபோல் வெளியே வரும்.

இனிதான் பழக்கும் வேலை. கல் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டு, பழைய பருத்தி லுங்கித் துணியால் முன்னும் பின்னும் பிடியிலும் தேயுங்கள். பிறகு காய்ந்த துணியால் அத்தனையையும் துடைத்தெடுங்கள். கல்லைத் தடவினால் விரலில் பிசுக்கு ஒட்டக் கூடாது. தணலைக் கூட்டினால் புகை எழும்பும். புகை அடங்கும்வரை விட்டுவிடுங்கள். அந்தச் சூட்டில் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, இழைக்குள் இழையாகப் பின்னி, இரும்போடு இறுகிவிடுகிறது. அப்புறம் அது எண்ணெயே அல்ல, வழவழப்பான ஒரு பூச்சு. ஐந்தாறு முறை செய்தால் சாம்பல் நிறம் பழுப்பாகி, பழுப்பு கருப்பாகும். தகடு என்றால் எண்ணெய் காட்டுமுன்பே, 300 டிகிரியை நெருங்கும்போது மயில்கழுத்து நீலம் ஓடும். பயப்பட வேண்டாம், அது இரும்பின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு.

எண்ணெய் தடிப்பாக இருந்தால் மேல்பகுதி இறுகி, அடியில் பிசினாகத் தங்கிவிடும். தோசை அதில் ஒட்டிக்கொள்ளும், எடுக்க வராது. எந்த எண்ணெய் என்று கேட்டால் கடலை எண்ணெய் என்பேன். மாகுவே, மண்டலே பக்கத்து வறண்ட நிலத்தில் விளைகிற கடலை, இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். பாமாயிலும் தேங்காய் எண்ணெயும் இறுக நேரமெடுக்கும். ஆளிவிதை எண்ணெய் கண்ணாடிபோல் மின்னும், ஆனால் கொஞ்ச நாளில் செதில் செதிலாக உரியும்.

“அக்கா, சோப்புப் போட்டால் பூச்சு போய்விடாதா?” என்று பக்கத்துக் கடைத் தங்கை கேட்பாள். காரம் மிகுந்த பழைய சவர்க்காரம்தான் போக்கும். பாத்திரம் கழுவும் இன்றைய திரவத்தால் ஒன்றும் ஆகாது. புளிக்குழம்போ தக்காளியோ இரவு முழுக்கக் கிடந்தாலும் பூச்சு கரையும். சூடேறிய வார்ப்பில் தண்ணீர் தெளிக்கலாம், வாரி ஊற்றக் கூடாது.

மே முதல் அக்டோபர் வரை கழுவிய கல்லைத் தணலில் காட்டி, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்புத் துடைத்து, சுவரில் மாட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் இடையில் ஈரம் தங்கும்.

கீறல் விழுந்த வார்ப்பைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். பற்றவைத்த இடத்தை ஒட்டியே மறுபடி விரியும். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுங்கள்.