தக்காளி பச்சையாகவே வாடியது: கண்ணாடி டம்ளர் சொன்ன காரணம்

மொட்டைமாடிப் பைகளில் தக்காளி பகலில் துவண்டு, இரவில் நிமிர்ந்தது. சில நாளில் ஒரேயடியாகச் சாய்ந்தது. கூடுதல் தண்ணீர், டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சை) எதுவும் உதவவில்லை.

இலை மஞ்சளாகவே இல்லை, அதுதான் துப்பு. ஃபுசேரியம் பூஞ்சை வாடல் என்றால் அடியிலைகள், பெரும்பாலும் ஒரு பக்கமாக, மஞ்சளாகும். அடித்தண்டில் 5 செ.மீ. துண்டு வெட்டி, நுனி மட்டும் தண்ணீரில் படும்படி கண்ணாடி டம்ளரில் அசையாமல் பிடித்தேன். சில நிமிடத்தில் பால்போல் வெள்ளை இழை இறங்கியது. தண்டுக்குள் பெருகிய பாக்டீரியாதான் அப்படிக் கசிகிறது. ஆக, இது பாக்டீரியா வாடல், மருந்தடித்துக் காப்பாற்ற முடியாது.

ஒரு பையின் வடிநீர் அடுத்த பைக்கு ஓடியதையும் கவனித்தேன். நோய் போன வழியும் அதே வரிசைதான். செடிகளை மண்ணோடு அகற்றினேன் (கம்போஸ்டில் போடக்கூடாது). கத்தரிக்கோலை பிளீச்சிங் கரைசலில் முக்கினேன். பைகளைச் செங்கல்மேல் தனித்தனியாக ஏற்றி, புதுக் கலவையில் பாக்டீரியா வாடலைத் தாங்கும் அர்கா ரக்ஷக் என்ற தக்காளி ரகத்தை நட்டேன். இப்போது காய்க்கிறது, நிம்மதி.