வீட்டா வேண்டாம், பழைய பிஎஸ்பியே போதும் என்பவர்கள் செய்யும் தவறுகள்

பிஎஸ்பி சோனியின் பழைய கையடக்கக் கேம் கன்சோல்; பிஎஸ் வீட்டா அதற்கு அடுத்து வந்தது. வீட்டா வாங்க முடிந்தும் "எனக்குப் பிஎஸ்பிதான் வேண்டும்" என்று கேட்பவர்கள் அடிக்கடி வருகிறார்கள். பழைய கன்சோல்களை வாங்கி, கழற்றி, சரிசெய்து விளையாடும் எனக்கு அந்த ஆசை நன்றாகவே புரிகிறது. ஆனால் தொடக்கத்தில் நான் விழுந்த அதே குழிகளில் அவர்களும் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. திரையில் கீறல் இருக்கிறதா, பட்டன் ஒழுங்காக அமுங்குகிறதா என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே பார்ப்பீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தப்பான காரணத்துக்காகப் பிஎஸ்பியைத் தேர்ந்தெடுப்பது

"பிஎஸ்பி கேம் பிஎஸ்பி திரையில்தான் அழகு" என்று ஒரு பேச்சு உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஎஸ்பி திரை 480×272 புள்ளிகள். வீட்டா திரை 960×544. இரண்டு பக்கமும் சரியாக இரண்டு மடங்கு. பிஎஸ்பியின் ஒரு புள்ளி வீட்டாவில் நான்கு புள்ளிகளாக விரியும், அவ்வளவுதான்; கேமின் படம் கலங்காது. முதல் வீட்டாவில் இருந்தது ஓஎல்இடி திரை வேறு. வலது பக்கம் இன்னொரு அனலாக் ஸ்டிக்கும் இருப்பதால், கேமராவைத் திருப்ப விரல்கள் படும் பாடு குறையும்.

டிஜிட்டலாக வாங்கிய கேம்களைத்தான் விளையாடப் போகிறீர்கள் என்றாலும் வீட்டாவே மேல். பிஎஸ்பியிலிருந்தே வாங்கும் வசதி 2021 ஜூலையில் நிறுத்தப்பட்டது. வீட்டாவின் கடையையும் மூடுவதாக அறிவித்த சோனி, எதிர்ப்பு கிளம்பியதும் அதை விட்டுவைத்தது.

பிஎஸ்பி வாங்க உறுதியான காரணம் என்று நான் ஒப்புக்கொள்வது ஒன்றைத்தான்: யூஎம்டி, அதாவது பிஎஸ்பி கேம்கள் வந்த டிஸ்க். அந்தச் சின்ன டிஸ்க்கைப் போட வீட்டாவில் இடமே கிடையாது. உங்களிடம் ஒரு பெட்டி நிறைய யூஎம்டி இருந்தால் பேச்சே வேண்டாம், பிஎஸ்பியை வாங்குங்கள்.

பெயரைப் பார்த்து வாங்குவது, எண்ணைப் பார்க்காமல் விடுவது

2009-இல் வந்த பிஎஸ்பி கோவும் பிஎஸ்பிதான். ஆனால் அதில் யூஎம்டி போட முடியாது. டிஸ்க்குகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிஎஸ்பி கோவை வாங்கி வந்து நிற்பவரிடம் என்ன சொல்வது? இ1000 என்ற எண்ணோடு வந்த மாதிரியில் யூஎம்டி உண்டு, வைஃபை கிடையாது, ஸ்பீக்கரும் ஒன்றுதான். முதலில் வந்த 1000 என்ற மாதிரி கனமானது, 32 எம்பி நினைவகம் கொண்டது. 2000-இலிருந்து அது 64 எம்பி ஆனது. டிவியில் இணைக்கும் வசதியும் அதில்தான் வந்தது. 3000-இன் திரையில் நிறங்கள் அருமையாக இருக்கும், ஆனால் படம் வேகமாக நகரும்போது மெல்லிய கோடுகள் தெரியும். சிலருக்கு அது கண்ணிலேயே படாது. சிலர் ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் அதை மட்டுமே பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் 2000.

பேட்டரியைக் கடைசியாகப் பார்ப்பது

பணம் உண்மையில் கரைவது இங்கேதான். இதைப் பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும்.

1000, 2000, 3000 மூன்றும் பேட்டரியே இல்லாமல் சார்ஜரில் ஓடும். நல்ல வசதிதான், ஆனால் விற்பவருக்கும் அது வசதி. உப்பிப்போன பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சார்ஜரில் செருகி, கேமை ஓட்டிக் காட்டி, "பக்காவாக வேலை செய்கிறது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவே.

எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் இப்படித்தான் பேட்டரி இல்லாத 3000 ஒன்றை மலிவாக வாங்கினார். மிச்சம் பிடித்த பணத்தை "பிரிக்காத ஒரிஜினல்" பேட்டரி ஒன்றுக்குக் கொட்டினார். போட்டதும் மெனு வந்தது, சார்ஜ் முழுதாகக் காட்டியது. யூஎம்டியைப் போட்டார். டிஸ்க் சுழலத் தொடங்கியது, கன்சோல் அணைந்தது. மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது. டிஸ்க் சுழலும்போது அணைகிறது என்றால் டிரைவ்தானே போயிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, லென்ஸ் பாகத்தை வரவழைத்து, வீடியோ பார்த்துக் கழற்றி மாற்றினார். அப்போதும் அணைந்தது. கழற்றிய வேகத்தில் திரைக்குப் போகும் ரிப்பன் கேபிளும் கிழிந்தது.

அதற்கப்புறம்தான் என்னிடம் கொண்டுவந்தார். வேறொரு பேட்டரியைப் போட்டுப் பழைய லென்ஸையே திரும்பப் பூட்டினேன். டிஸ்க் ஒழுங்காக ஓடும் சத்தம் கேட்டது. படத்தைப் பார்க்கத்தான் புதுத் திரை வாங்க வேண்டியிருந்தது. கோபம் எங்கே வருகிறது என்றால், வாங்கிய அன்று அதே கன்சோல் சார்ஜரில் யூஎம்டியை ஓட்டியதை அவரே பார்த்திருக்கிறார். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் போதும். அதில் ஓடி, பேட்டரியில் ஓடாவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். ஸ்குரூடிரைவரைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

நடந்தது இதுதான். லித்தியம் பேட்டரி பயன்படுத்தினாலும் வயதாகும், பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் வயதாகும். வயதாக ஆக அதன் உள்தடை கூடும். மெனுவில் இருக்கும்போது கன்சோல் இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் சமாளித்துக்கொள்ளும். மோட்டாரும் லேசரும் ஒன்றாகக் கிளம்பும்போது மின்னழுத்தம் சட்டென்று சரிந்து கன்சோல் அணையும். பிஎஸ்பி வினியோகமே 2014-இல் நின்றுவிட்டது. சீல் பிரிக்காத ஒரிஜினல் என்றால் அவ்வளவு வருடம் கிடந்த சரக்கு என்று பொருள். அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

இதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு ஏமாற்று: "3600 எம்ஏஎச்" (பேட்டரியின் கொள்ளளவு) என்று அச்சடித்து வரும் பேட்டரிகள். 1000-உடன் சோனி கொடுத்தது 1800. 2000, 3000 இரண்டுக்கும் 1200. அதே அளவுக் கூட்டுக்குள் அதற்கு மூன்று மடங்கு அடைக்க முடியாது; ஸ்டிக்கரில் எழுதத்தான் முடியும். 1000-இன் தடித்த பேட்டரியை 3000-இல் போட்டால் மூடி மூடாது, அதற்கென்று புடைத்த மூடி தனியாக வேண்டும். கொள்ளளவை மிகைப்படுத்தாமல் எழுதியிருக்கும், சமீபத்தில் தயாரான பேட்டரியைத் தேடுங்கள். தயாரிப்புத் தேதியைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பேட்டரியோடு வாங்கினால் அதை வெளியே எடுத்துக் கண்ணாடி மேஜையில் வையுங்கள். ஆடினால் உப்பியிருக்கிறது. அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், "ஒரே ஒரு தடவை" என்று சார்ஜும் போடாதீர்கள். பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாது. பவர் சுவிட்சை லேசாகத் தள்ளி விட்டால் பிஎஸ்பி தூங்கும், அணையாது. சில விநாடி பிடித்திருந்தால்தான் முழுதாக அணையும். தூங்கவிட்டு மாதக்கணக்கில் அலமாரியில் போட்டால் நல்ல பேட்டரியும் வீணாகும். எடுத்து வைப்பதாக இருந்தால் பாதிச் சார்ஜில் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள்.

மெமரி ஸ்டிக்கை மறப்பது

கேம் டிஸ்க்கில் இருக்கும், நீங்கள் சேமித்தது டிஸ்க்கில் இருக்காது. அது மெமரி ஸ்டிக் ப்ரோ டியோ என்ற சோனியின் மெமரி கார்டில்தான் பதியும். பிஎஸ்பி கோவைத் தவிர மற்ற மாதிரிகளில் கேமைச் சேமிக்க உள்ளே இடம் இல்லை. போலி மெமரி ஸ்டிக்குகள் மலிந்து கிடப்பதால், மைக்ரோ எஸ்டி கார்டைப் போடும் அடாப்டரும் நல்ல கார்டும் வாங்குவதே நிம்மதி. அடாப்டர் ஒற்றைக் கார்டு போடுவதாக இருக்கட்டும்.

வைஃபை

டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறை பிஎஸ்பிக்குத் தெரியாது. அதற்காக ரவுட்டரின் பாதுகாப்பைக் குறைக்காதீர்கள்.

ஜப்பான் மாதிரி

அதில் சம்மதம் சொல்வது வட்ட பட்டன். பெருக்கல் பட்டன் ரத்து செய்யும். வெளிநாட்டுக் கேம் டிஸ்க்குகள் ஓடும். சினிமா யூஎம்டிகளுக்கு மட்டும் பிராந்தியப் பூட்டு உண்டு.

கூடு பிளந்த யூஎம்டியைத் தூக்கிப் போடுவது

வேண்டாம். கூடுகள் தனியாகக் கிடைக்கின்றன. உள்ளே இருக்கும் டிஸ்க்கை ஓரத்தில் மட்டும் பிடித்து மாற்றினால் பழையபடி ஓடும்.