ஒரே கரைசல், இரண்டு ஜெல்: நைபாம் ஹைட்ரோஜெல் செய்முறை

நைபாம் என்று ஆய்வகங்களில் சொல்லும் என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடில் செய்த ஹைட்ரோஜெல் (நீரைப் பிடித்துவைக்கும் பாலிமர் வலை), சுமார் 32 டிகிரி செல்சியசுக்குக் கீழே நீரை உறிஞ்சி உப்பும்; அதைத் தாண்டினால் நீரை வெளியேற்றிச் சுருங்கும். எவ்வளவு வேகமாகச் சுருங்கும் என்பது பெரும்பாலும் ஜெல் உறையும்போதே முடிவாகிவிடுகிறது. கண்ணால் பார்த்துவிடலாம், வாருங்கள்.

முதலில் கரைசல். 10 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் நைபாம், பாலிமர்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்புக்கு 20 மி.கி. மெத்திலீன் பிஸ்அக்ரிலமைடு (சுருக்கமாக பிஸ்). மோனோமர்கள், அதாவது பாலிமராகக் கோக்கப்படும் இந்தச் சிறு மூலக்கூறுகள், நச்சு; கையுறை கட்டாயம். 20 நிமிடம் நைட்ரஜன் குமிழிவிடுங்கள். கரைந்திருக்கும் ஆக்சிஜன் வினையைத் தடுக்கும். ஜெல் உறையாமல் கூழாகவே நிற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கரைசலை ஐஸில் குளிரவைத்து, வினையைத் தொடங்கிவைக்க 10 மி.கி. அம்மோனியம் பெர்சல்பேட், கடைசியாக அதை விரைவுபடுத்த 20 மைக்ரோலிட்டர் டெமெட் (TEMED) சேருங்கள். ஈரம் பட்டுக் கட்டிய பெர்சல்பேட் வேண்டாம். உடனே இரண்டு 5 மி.லி. சிரிஞ்சுகளில் உறிஞ்சி முனையை மூடுங்கள். ஒன்று 15 டிகிரி நீரில், மற்றொன்று 37 டிகிரி நீரில், 24 மணி நேரம்.

குளிரில் உறைந்தது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். சூட்டில் உறைந்தது பால்வெள்ளை: வளரும் பாலிமர்ச் சங்கிலிகள் நீரைவிட்டுப் பிரிந்து திரள்வதால் உள்ளே பெரிய துளைகள் உண்டாகின்றன.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். செய்முறைகளில் வரும் 'அறை வெப்பநிலை' என்பது 20–25 டிகிரி. ஏசி இல்லாத நம் கோடைகால ஆய்வகம் 32-ஐத் தொட்டுவிடும். தவிர, வினையே சூட்டை வெளியிடும். அகலமான பீக்கரில் ஊற்றினால் ஓரம் தெளிவாகவும் நடு வெள்ளையாகவும் உறைவது அதனால்தான். ஒல்லியான சிரிஞ்சு அதற்காகவே.

முனையை வெட்டி, ஜெல்லைத் தள்ளி, 5 மி.மீ. வில்லைகளாக நறுக்கி, தினமும் நீர் மாற்றி 3 நாள் ஊறவிடுங்கள். பிறகு 50 டிகிரி நீரில் போட்டு, 2 நிமிடத்துக்கு ஒருமுறை மேல் ஈரத்தை ஒற்றியெடுத்து எடை பாருங்கள். வெள்ளை ஜெல் துளைகள் வழியே நீரைச் சட்டென்று விட்டுவிடும். தெளிந்ததிலோ வெளிப்பரப்பு முதலில் சுருங்கித் தோலாகி, உள்நீரை அடைத்துவிடும். மேலே சின்னச் சின்னக் கொப்புளங்கள்கூடத் தெரியும்.

பிஸ்ஸை 10 மி.கி. ஆக்கினால் ஜெல் கூடுதலாக உப்பும், ஆனால் எடுக்கும்போதே கிழியும். 60 மி.கி. போட்டால் விறைப்பாகும், குறைவாக உப்பும். சுருங்கும் வெப்பநிலை இதனால் பெரிதாக மாறாது. அதை உயர்த்த அக்ரிலிக் அமிலம்போல நீர்விரும்பும் மோனோமரைக் கொஞ்சம் கலக்க வேண்டும். நீரில் கரைந்த உப்பு அந்த வெப்பநிலையைக் கீழே இறக்கும். அதனால் ஊறவைக்கக் குழாய்த்தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள்.