ரக்னராக் பார்க்கும் முன் பழைய தோரில் எதைப் பார்ப்பது?

இடிக் கடவுள் தோரை வைத்து மார்வெல் எடுத்த படங்களில், 2013-இல் வந்த 'தோர்: தி டார்க் வேர்ல்ட்' பிடிக்காமல் தோர் பக்கமே திரும்பாதவர்கள் எனக்குத் தெரிந்து நிறைய பேர். அவர்களிடம் "அதை விடுங்கள், நேராக 2017-இல் வந்த அடுத்த தோர் படம் 'ரக்னராக்' பாருங்கள்" என்றுதான் சொல்லி வந்தேன். அக்கா மகளுக்கும் அப்படித்தான் போட்டுக் காட்டினேன். தோரின் உலகமான அஸ்கார்டில் நாடகம் நடக்கும் இடத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்க, அவள் திரும்பி, "இதுல என்ன இருக்கு சித்தி?" என்றாள்.

அந்த நாடகமே பழைய படத்தில் தோரின் வளர்ப்புத் தம்பி லோக்கி சாகும் காட்சிதான். அதைப் பார்க்காதவளுக்கு எப்படிச் சிரிப்பு வரும்? அதனால் இப்போது வழியை மாற்றிக்கொண்டேன்: பழைய படத்தில் சில காட்சிகளை மட்டும் பார்த்துவிட்டு, அன்றைக்கே ரக்னராக்கைத் தொடங்குங்கள்.

வில்லன் மாலெகித் வரும் இடங்களைத் தயங்காமல் ஓட்டிவிடலாம். உலகம் முழுக்க இருட்டாக வேண்டும் என்கிறான். அந்த வெறி நமக்குள் இறங்கவே இல்லை. அவனுடைய ஆட்கள் அஸ்கார்டைத் தாக்கும்போது தோரின் அம்மா ஃப்ரிக்கா இறந்துபோகிறார். இது தெரிந்தால் போதும்.

நிறுத்திப் பார்க்க வேண்டியது சிறைக் காட்சிகளை. முதலில் சிறையில் இருக்கும் லோக்கியைப் பார்க்க வளர்ப்புத் தாய் ஃப்ரிக்கா வருகிறார். "நீ என் அம்மா இல்லை" என்று சொல்லிவிட்டு, உடனே மனசு கேட்காமல் லோக்கி கையை நீட்டுகிறான். கை அவருடைய கைக்குள் புகுந்து வெளியே வருகிறது. வந்தது வெறும் மாயத்தோற்றம். அப்புறம் படகில் வைத்து எரியூட்டும் இறுதிச் சடங்கு. அது முடிந்து தோர் சிறைக்கு வருகிறான். லோக்கி வெள்ளையும் சொள்ளையுமாக நிற்கிறான். மாயம் போதும் என்று தோர் சொன்னதும் எல்லாம் கலைகிறது: உடைந்த சாமான்கள், கலைந்த தலை, ரத்தம் படிந்த வெறுங்கால், சுவரில் சாய்ந்து தரையில் கிடக்கும் தம்பி. இந்த இரண்டு காட்சிகளுக்காகவே அந்தப் படத்தை நான் மன்னித்துவிட்டேன்.

பிறகு லோக்கி தோரின் கையில் 'சாகும்' காட்சி, கடைசியில் அரியணையில் யார் உட்கார்ந்திருப்பது என்று காட்டும் நிமிடம். அவ்வளவுதான். நேரமிருந்தால் லண்டன் சண்டையையும் பாருங்கள். உலகம் விட்டு உலகம் பறந்து தோரைத் தேடி வரும் அந்தச் சுத்தியலைத்தான் அடுத்த படத்தின் வில்லி ஹேலா ஒற்றைக் கையால் பிடித்து நொறுக்குகிறாள்.

சரி, ரக்னராக். முதல் காட்சியிலேயே இயக்குநர் மாறியது தெரியும். சங்கிலியில் தொங்கும் தோர், எதிரி மிரட்டிக்கொண்டிருக்கும்போதே சுழன்று திரும்பிக்கொள்கிறான். மறுபடி முகத்துக்கு நேரே வரும்வரை பொறு என்கிறான். இயக்குநர் டைகா வைடீட்டி நியூசிலாந்துக்காரர். படப்பிடிப்பில் நடிகர்களை அப்போதைக்குத் தோன்றிய வசனத்தைப் பேசவைத்து நிறைய எடுத்தவர். நாடகத்தில் லோக்கியாக வருவது மேட் டேமன், தோராக வருவது கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்தின் சொந்த அண்ணன் லூக்.

ஹேலா மேற்கூரையைப் பெயர்த்து விழவைக்கும் இடத்தில் போனைக் கீழே வையுங்கள். மேலே அமைதியும் விருந்துமாக இருந்த ஓவியத்துக்குப் பின்னால் தோரின் அப்பா ஓடினும் அவளும் நடத்திய படையெடுப்புகள் இருக்கின்றன. அஸ்கார்டின் தங்கம் எங்கிருந்து வந்தது என்பது அங்கே தெரிகிறது. மாலெகித் வெளியிலிருந்து வந்த வில்லன். இவள் ஓடினின் மூத்த பிள்ளை. வீட்டுக்குள்ளிருந்தே வரும் பகை என்பதால்தான் ஒவ்வொரு அடியும் வலிக்கிறது.

சகார் கிரகத்தில் இப்போது தோர் சிறையில். பார்க்க வருவது லோக்கி. தோர் எதையோ எடுத்து எறிகிறான், அது லோக்கிக்குள் புகுந்து போகிறது. இதை மனதில் வைத்திருங்கள். படத்தின் முடிவில் தோர் ஒரு குப்பியின் மூடியைக் கையில் எடுப்பான்.

போன ஞாயிறு அக்கா மகளுக்கு இதே வரிசையில் மறுபடி போட்டேன். தோர் மூடியை வீசக் கை ஓங்கியதுமே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "சித்தி, இப்பவாவது நிஜமா வந்திருக்கானா?"